பெருக்கல் குறி, வட்டம்

ஏழு முட்டைகள். டௌவெ வாங்கி வந்தான்,
ரொட்டி போடும் காகிதப் பையில்,
பழம்பொருள் சந்தையில் கிடைத்த இன்குபேட்டரோடு.
குள்ளக்கோழி முட்டைகள். ஒவ்வொன்றும்
என் உள்ளங்கைக் குழியில் அடங்கி
இடம் மிச்சம் வைத்தது.
இதையும் என்னைக் கேட்காமல்தான்.

அண்ணனின் படகுக் கடனுக்கு
என்னைக் கேட்காமல் அவன் கையெழுத்துப் போட்டு
அன்றோடு ஐந்து வாரம்.
ஹார்லிங்கன் துறைமுக மதகில் அவனுக்கு இரவு வேலை.
எனக்கு ரொட்டிக்கடையில் அதிகாலை மாவு.
பேசாமலிருக்க நாங்கள்
பெரிதாக முயல வேண்டியிருக்கவில்லை.

அடையில் உட்காரக் கோழி இல்லை.
முப்பத்தேழரை டிகிரி, அதற்குமேல் போகாமல்.
நாளைக்கு ஐந்து முறை புரட்ட வேண்டும்,
ஒற்றைப்படையாக இருந்தால்தான்
நீண்ட இரவு தினமும் ஒரே பக்கத்தில் விழாது.
பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டான்,
மறுபக்கம் வட்டம்.
ஃபிரிட்ஜின் மேல் ஒரு நோட்டு.

அதிகாலை 3.40. ×. ரி.
காலை 7.10. ○. ட.
மதியம் 1.00. ×. ரி.

இப்படி ஒரு வாரம்.
ஏழாம் நாள், நான் இல்லாத நேரம்,
விளக்கணைத்து டார்ச் பிடித்துப் பார்த்திருக்கிறான்:
இரண்டு கூமுட்டை. எடுத்துவிட்டேன்.
ஐந்தில் நரம்பு ஓடுகிறது. ட.
அதன் கீழே நான்:
தண்ணீர் வற்றியிருந்தது. ஊற்றினேன். ரி.
பத்தாம் நாள்: ○. சூப் அடுப்பில். ட.
பதினொன்று: ×. உப்பு கம்மி. ரி.

பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தினோம்.
உள்ளே அது தலையைத் திருப்பி
காற்று இருக்கும் பக்கம் வைத்துக்கொள்கிறதாம்.
இனி உருட்டக் கூடாது, மூடியைத் தொடவே கூடாது.
நோட்டில் எழுத ஒன்றுமில்லை.
எங்கள் வீடு எவ்வளவு சின்னது என்பது
அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

இருபதாம் நாள், தலையெல்லாம் மாவோடு வந்தேன்.
டௌவெ தூங்கப் போகவில்லை.
சமையலறைத் தரையில்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.
"கத்துது" என்றான்.
எட்டு வாரத்தில் அவன் சொன்ன முதல் சொல்.

மதியத்துக்குள் மூன்று வந்துவிட்டன,
ஈரத்தில் ஒட்டிப்போன, அசிங்கமான மூன்று.
நாலாவது விடிகாலையிலேயே மொச்சையளவு ஓட்டை போட்டுவிட்டு
அதோடு நின்றுவிட்டது.
பதினாலு மணி நேரம்.
சவ்வு காய்ந்து காகிதமாகிக்கொண்டிருந்தது.
"விடு, அதுவே வரணும்" என்றான்.
சரி என்றேன்.
அவன் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்ததும் திறந்தேன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
நான் கோழியில்லை.
வெதுவெதுப்பான தண்ணீர்,
கேக்கில் சர்க்கரைப் பூ வைக்கும் இடுக்கி, நகம்.
மிளகளவு ரத்தம் வந்தது.
நிறுத்தினேன். காத்திருந்தேன். மறுபடி கொஞ்சம்.
அலகு என் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டே இருந்தது,
நானும் ஓடுதான் என்று நினைத்து.

இரவு 8.20. திறந்தேன். கேட்கவில்லை. ரி.

விழித்ததும் நோட்டைத்தான் பார்த்தான்.
அந்த ஒரு வரியை
ஒரு பக்கம் படிக்கும் நேரம் படித்தான்.
பிறகு போய் என் தராசை எடுத்து வந்தான்.
பதினெட்டு கிராம்.
ஈஸ்ட் பாக்கெட் இரண்டு, கொஞ்சம் கூட.
வலது கால் விரல்கள் மடங்கியிருந்தன.
அவன் பிளாஸ்திரியைப் பொடியாக வெட்ட,
நான் விரல்களை விரித்துப் பிடித்தேன்.
ஐந்தாவது கடைசிவரை தட்டவேயில்லை.

நாலில் மூன்று சேவல்.
பக்கத்து வீட்டு ஹில்கெ
இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்,
இரண்டாம் முறை வெறும் பைஜாமாவில்.
இரண்டு சேவல்களைக் கொடுத்துவிட்டோம்.
கால் கோணியதைக் கொடுக்கவில்லை.
அரைக் கிலோகூட இல்லை அது,
கூவும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.
இருட்டுப் பெட்டியில் போட்டுப் பார்த்தோம்,
பெட்டிக்குப் போர்வை போர்த்திப் பார்த்தோம்.
சரியாக மூன்று நாற்பதுக்குக் கூவுகிறது.

கடன் அப்படியேதான் இருக்கிறது.